நிர்வாகக் குழுவில் நான் எடுக்காத வெற்றிலை

வலியசாலை,
திருவனந்தபுரம்.
வியாழக்கிழமை

நாகர்கோவிலில் இருக்கும் மதிப்புக்குரிய அத்தான் அவர்களுக்கு, மைத்துனன் வன்னியபெருமாள் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் வடிவம்மாளும் சுகம். அக்காளின் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். பேத்தி அஸ்வதியின் கல்யாண வேலைகள் தடங்கலில்லாமல் நடக்க வலியசாலை மகாதேவரை தினமும் கேட்டுக்கொள்கிறேன். மழை விட்டபாடில்லை. கொடியில் போட்ட வேட்டி காய்வதற்குள் அடுத்த வேட்டி நனைந்துவிடுகிறது.

அத்தான், நேற்று நீங்கள் போனில் பேசியபோது நான் ஏழெட்டு முறை “சரி அத்தான்” என்று சொன்னேன். அவை அனைத்தையும் இந்தக் கடிதத்தின் மூலம் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். உங்கள் குரலைக் கேட்டால் என் வாய் தானாகவே “சரி” என்று சொல்கிறது. நீங்கள் அக்காளைக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்த முதல் நாள் ஆரம்பித்த பழக்கம், இந்த வயதில் மாறாது. கடிதத்தில் நீங்கள் குறுக்கே பேச முடியாது. அதனால்தான் கடிதம்.

நீங்கள் சொன்னது இது: வரும் சனிக்கிழமை கூட்டத்துக்குப் போக வேண்டும், பேச்சிமுத்து அண்ணாச்சியிடம் வருத்தம் தெரிவிக்க வேண்டும், போன கூட்டத்தில் எடுக்காமல் விட்ட வெற்றிலையை எடுத்துவிட்டு வர வேண்டும். நான் சொல்வது இது: கூட்டத்துக்குப் போவேன். வருத்தம் தெரிவிக்க மாட்டேன். வெற்றிலையை எடுக்க மாட்டேன். இதை எழுதிவிட்டு எழுந்து போய் ஒரு தம்ளர் தண்ணீர் குடித்தேன். திரும்பி வந்து படித்துப் பார்த்தால் கொஞ்சம் கடுமையாகத்தான் தெரிகிறது. அடித்துவிடலாமா என்று பேனாவைக்கூட எடுத்தேன். ஆனாலும் அடிக்கவில்லை.

நீங்கள் அண்ணாச்சி சொன்னதை மட்டும் கேட்டிருக்கிறீர்கள். நடந்ததை நான் வரிசையாகச் சொல்கிறேன். பேங்க் மேனேஜராக நீங்கள் கொடுத்த முதல் கடனில்தான் அவர் தம்பானூரில் ஓட்டல் போட்டார், ஒன்று நான்கானது, பிறகு விதுரா போகிற ரோட்டில் ரப்பர் தோட்டத்தை வாங்கிச் சர்வதேசப் பள்ளிக்கூடம் கட்டினார் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். சர்வதேசம் என்று பலகை வைத்தால் மட்டும் போதாதாம். வெளிநாட்டில் இதற்கென்று இருக்கிற ஒரு சங்கம் வந்து பார்த்து அங்கீகாரம் தர வேண்டும், அதற்கு நிர்வாகக் குழு என்று ஒன்று இருக்க வேண்டும், அந்தக் குழுவில் குடும்பத்துக்கு வெளியே ஒருவராவது உட்கார வேண்டும் என்று விதி. அண்ணாச்சி உங்களிடம் ஆள் கேட்டபோது, “என் மச்சினன் இருக்கான். யுனிவர்சிட்டி லைப்ரரில இருந்து ரிட்டயர் ஆனவன். சத்தமே வராது” என்று நீங்கள் சொன்னதாக அவரே என்னிடம் சொன்னார். உண்மைதான். சர்வீஸ் முழுக்க மற்றவர்களிடம் சத்தம் போடாதீர்கள் என்று சொல்வதுதான் என் வேலை, அதையும் நான் பலகையில் எழுதி மாட்டித்தான் சொன்னேன்.

அப்படி மூன்று வருடம் முன்பு நான் குழுவில் சேர்ந்தேன். அண்ணாச்சி தலைவர். அவர் மனைவி, மனைவியின் தம்பி, மூத்த மகள், மருமகன் விஜய்குமார், நான். பினு என்கிற பையன் செயலாளர். முதல் கூட்டத்தில் ஒரு தீர்மானத்தை வாசித்துவிட்டு, சம்மதமானவர்கள் கை தூக்கலாம் என்றார்கள். யாரும் தூக்கவில்லை. மாமனார் முன்னால் கை தூக்குவது மரியாதையா என்று மருமகன் யோசித்தார், கணவர் முன்னால் எப்படித் தூக்குவது என்று அந்த அம்மாள் தலையைக் குனிந்துகொண்டார். அந்த மௌனம் தாங்காமல் நான்தான், யாரும் கேட்காமலே, எங்கள் தெருச் சமுதாயக் கூட்டத்தில் வெற்றிலைத் தட்டு சுற்றி வரும், எடுத்தவருக்குச் சம்மதம், ஒருவர் எடுக்காவிட்டாலும் அந்தக் காரியம் நடக்காமல் நின்றுபோகும் என்று சொல்லிவைத்தேன். அண்ணாச்சி மேசையைத் தட்டினார். “இதுல்லா முறை! கை தூக்குறதுக்கு நாம என்ன சின்னப்பிள்ளயா? பினு, எழுதிக்கோ. இனிமே இங்க வெத்தலதான்.” அதோடு மருமகன் எப்போதும் தாமதமாக வருவதால், கதவைச் சாத்தும்போது உள்ளே இருப்பவர்கள்தான் குழு என்றும் ஒரு விதியைச் சேர்த்தார். இந்த இரண்டு விதிகளும் பின்னால் என்ன செய்யப் போகின்றன என்று அன்று யாருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

எனக்கோ பல் கட்டிய வாய், பாக்கு ஆகாது. ஒவ்வொரு தீர்மானத்துக்கும் ஒரு வெற்றிலையும் பாக்கும் எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்து வடிவம்மாளிடம் கொடுத்துவிடுவேன். சாப்பாட்டுக்குப் பிறகு அவள் போட்டுக்கொள்வாள். “இண்ணைக்கு என்ன, ஏழு வெத்தலயா? ஏழுக்கும் தலையாட்டிட்டா வந்திய? சுண்ணாம்பும் சேத்துத் தரச் சொல்லப்படாதா?” என்பாள்.

ஆனால் அத்தான், நான் சும்மா தலையாட்டவில்லை, படித்துக்கொண்டுதான் இருந்தேன். உலகத்தில் மற்ற சர்வதேசப் பள்ளிகள் எப்படி நடக்கின்றன என்று கிடைத்ததையெல்லாம் படித்தேன். சில இடங்களில் பெற்றோர்களே ஓட்டுப் போட்டுக் குழுவைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அங்கே வருடத்துக்கு வருடம் ஆள் மாறுவதால், போன குழு வாங்கிய பஸ்ஸை இந்தக் குழு விற்பதும் உண்டாம். சில இடங்களில் குழுவே தனக்கு அடுத்த ஆளைத் தேடிக்கொள்கிறது, நல்லவர்கள் நல்லவர்களைத் தேடுவார்கள் என்கிற நம்பிக்கையில். சில இடங்களில் ஒரே முதலாளி, அவர் வைத்ததுதான் சட்டம், நம் அண்ணாச்சியைப் போல. ஒவ்வொன்றிலும் நன்மையும் உண்டு, தலைவலியும் உண்டு. எது உயர்ந்தது என்று என்னால் தீர்மானிக்க முடியவில்லை, நான் எதைத்தான் சட்டென்று தீர்மானித்திருக்கிறேன்? ஆனால் எல்லாரும் ஒத்துக்கொள்கிற விஷயங்கள் சில இருந்தன. பள்ளி எந்தத் திசையில் போக வேண்டும் என்பதைக் குழு பார்க்க வேண்டும், நல்ல முதல்வரைத் தேட வேண்டும், பிறகு அன்றாடம் பள்ளியை நடத்துகிற வேலையை அவரிடமே விட்டுவிட வேண்டும். தன் சொந்த லாபம் சம்பந்தப்பட்ட பேச்சு வந்தால் அந்த உறுப்பினர் எழுந்து வெளியே போக வேண்டும். இதைப் படித்துவிட்டு அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. ஏனென்றால் எங்கள் குழு அதுவரை தேடியது மலிவான மைதாவைத்தான்.

மைதாவுக்கு வருகிறேன். பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாடு அண்ணாச்சியின் ஓட்டலிலிருந்து வருகிறது. தினமும் பரோட்டா, சால்னா. அதன் ருசியை நான் குறை சொல்ல மாட்டேன், கூட்டம் முடிந்து நானும் சாப்பிட்டிருக்கிறேன், பல்லை மீறிச் சாப்பிட்டிருக்கிறேன். போன வருடம் முதல்வராக ராகேல் டீச்சர் வந்தார். பாறசாலைப் பக்கத்து வேதக்காரக் குடும்பம். சிரித்துப் பேசுகிற ஆள் இல்லை, என்னைப் பார்த்து ஒரு வணக்கத்துக்கு மேல் சொன்னதும் இல்லை. வந்த வாரமே நூலக அலமாரிகளின் பூட்டைத் திறந்து, சாவிகளை எங்கோ போட்டுவிட்டார். பிள்ளைகள் புத்தகத்தைத் தரையில் பரப்பிக் கவிழ்ந்து படுத்து வாசித்ததைப் பார்த்து, ஒரு நூலகனாக நான் கண்ணை மூடிக்கொண்டேன். அடுத்த மாதமும் போய்ப் பார்த்தேன். புத்தகங்கள் அழுக்காகி, முனை மடங்கி, படிக்கப்பட்டிருந்தன. என் சர்வீஸில் நான் பாதுகாத்த புத்தகங்கள் எதுவும் அவ்வளவு அழகாக இருந்ததில்லை. அன்றிலிருந்து அந்த அம்மாள் மீது எனக்கு ஒரு மரியாதை.

ஜூன் மாதம் அவர் பரோட்டா வேனைக் கேட்டிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பிவிட்டு, பிள்ளைகளுக்குக் கஞ்சியும் பயறும் வைத்துக் கொடுத்தார். அண்ணாச்சி கொதித்துப்போனார். நான் வராந்தாவில் டீச்சரைக் கண்டு, தயங்கித் தயங்கிக் காரணம் கேட்டேன். “சார், பரோட்டா மோசம்னு நான் சொல்லல்ல கேட்டேளா. ஞாயித்துக்கிழம நானே பார்சல் வாங்குவேன். ஆனா தெனமும் உச்சைக்கு அதையே தந்தா பிள்ளைக எப்பிடி முழிச்சிருக்கும்? சாப்பாடு கழிஞ்சா மொத்த கிளாசும் ஒறங்குது. அண்ணாச்சிக்க பேத்தி ஆர்ஷா கணக்குப் புக்குல தல வச்சு ஒறங்கி, கன்னத்துல பின்னக் கணக்கு அச்சாயிருக்கு. நான் யாருக்குப் படிப்பிக்க? டெஸ்குக்கா?” என்றார். நான் தலையை ஆட்டிவிட்டு பஸ் ஏறிவிட்டேன். அண்ணாச்சியிடம் அன்றே போய்ச் சொல்லியிருக்க வேண்டும்.

போன வாரம் அந்த வெளிநாட்டுச் சங்கத்திலிருந்து மதிப்பீட்டுக்கு ஒரு அம்மையார் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்திருந்தார். அதே நாளில் குழுக் கூட்டம், ராகேல் டீச்சரைப் பணியிலிருந்து நீக்குவதுதான் முதல் தீர்மானம். வெளியாள் முன்னால் வேண்டாமே என்று அண்ணாச்சி அம்மையாரைக் கல்லாறு ஆற்றைப் பார்த்துவிட்டு வரக் காரில் அனுப்பினார். பொன்முடி மலையில் மழை பெய்தால் கல்லாறு என்ன செய்யும் என்று அவருக்குத் தெரியாதா? திடீர் வெள்ளம் வந்து, கரைக்கு யாரையும் விடாமல் போலீஸ் திருப்பி அனுப்ப, பினு தட்டில் வெற்றிலை அடுக்கிக்கொண்டிருக்கும்போது அம்மையார் ரெயின்கோட்டில் தண்ணீர் சொட்டச் சொட்ட உள்ளே வந்து மூலை நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். போகச் சொல்ல முடியுமா? அங்கீகாரம் அவர் கையில்.

தீர்மானத்தை வாசித்தார்கள். அம்மையார் குறுக்கிட்டு, சாப்பாடு போடுகிற ஓட்டலோடு இங்கே யாருக்கெல்லாம் தொடர்பு உண்டு என்று ஆங்கிலத்தில் கேட்டார். அண்ணாச்சி முகம் மலர்ந்தது. “எல்லாருக்கும்தான் மேடம்! பேமிலி பிசினஸ்!” என்று கையைத் தூக்கினார். மூன்று வருடத்தில் முதல் முறையாக அந்தக் குடும்பம் முழுவதும் கை தூக்கியது. அம்மையார் நன்றி சொல்லி, அப்படியென்றால் இந்த விஷயம் முடியும்வரை நீங்கள் அனைவரும் வெளியே இருங்கள், மற்ற நாடுகளில் அதுதான் வழக்கம் என்றார். வரிசையாக எழுந்து போனார்கள். முதல்வராக அங்கே உட்கார்ந்திருந்த ராகேல் டீச்சரும், தன்னைப் பற்றிய பேச்சு என்பதால் எழுந்து போனார். நானும் அந்த ஓட்டலில் தோசையும் பரோட்டாவும் சாப்பிட்டிருக்கிறேன், சில நாள் காசு வாங்க மறுத்துவிட்டார்கள், எனவே நானும் வெளியே போக வேண்டுமல்லவா என்று கேட்டேன். உண்மையில் ஆசையோடு கேட்டேன். அம்மையார் கொஞ்சம் யோசித்துவிட்டு, தோசை பரவாயில்லை, உட்காருங்கள் என்றார்.

பினு கதவைச் சாத்தினான். கதவைச் சாத்தும்போது உள்ளே இருப்பவர்கள்தான் குழு. உள்ளே இருந்தது நான்.

அந்த அறைக்குச் சுவர் கண்ணாடி, அத்தான். வராந்தாவில் நின்ற எல்லாரும் என்னைப் பார்க்கிறார்கள், நானும் அவர்களைப் பார்க்கிறேன். அண்ணாச்சி “எடுங்க, எடுங்க” என்று கையால் காட்டுகிறார். மருமகன் வெற்றிலை மடித்து வாயில் போடுவதுபோல நடித்தே காட்டுகிறார். வராந்தாவின் கோடியில் ராகேல் டீச்சர் மட்டும் எங்களுக்கு முதுகு காட்டி மழையைப் பார்த்து நிற்கிறார், திரும்பவேயில்லை. பினு தட்டை என் முன்னால் நீட்டினான். என் வலது கை கிளம்பியது. பழக்கம்! நான் அதைப் பிடித்து, அதற்குத் துணையாக இடது கையையும் சேர்த்து, இரண்டையும் தொடைக்கு அடியில் வைத்து அவற்றின்மேல் உட்கார்ந்துகொண்டேன். “சாரே, எடுக்கலயோ? தட்டுக்கு நல்ல பாரமுண்டு” என்றான் பினு. நான் அசையவில்லை. இதன் பொருள் ஆமா, இல்லையா என்று அம்மையார் கேட்டார். “இல்லை” என்றேன். அவருக்குக் கேட்கவில்லை, என் குரல் அப்படி. மறுபடி கேட்டார். மறுபடி சொன்னேன். அது கண்ணாடிக்கு வெளியேயும் கேட்டது, ராகேல் டீச்சர் திரும்பிப் பார்த்ததிலிருந்து தெரிந்துகொண்டேன். என் வாயிலிருந்து அவ்வளவு பெரிய சத்தம் வருமென்று எனக்கே தெரியாது.

உள்ளே வந்த அண்ணாச்சி தட்டைப் பார்த்தார், வெற்றிலையைத் தொட்டுக்கூடப் பார்த்தார். “சார், நான் பதிமூணு வயசுல செங்கோட்டை பாசஞ்சர்ல ஏறி வந்து கிழக்கேகோட்டைல எச்சித் தட்டு கழுவுனவன். பள்ளிக்கூடம் போனவனில்ல. போறவுக போகட்டும்னுதான் இத கட்டுனேன். என் எடம், என் கட்டடம், என் பரோட்டா. இதுல எனக்குன்னு ஒரு வெத்தல இல்லயா?” என்று கேட்டார். அவர் கெட்டவர் இல்லை, அத்தான். பசியோடு வளர்ந்தவருக்குப் பிள்ளைகள் வயிறு நிறைந்து தூங்குவதில் என்ன தப்பு என்று தோன்றும். ஆனால் தூங்கவைக்கப் பள்ளிக்கூடம் எதற்கு? இதை அப்போதே சொல்லியிருக்கலாம். எனக்குப் பதில்கள் எப்போதும் நெடுமங்காடு தாண்டி, பஸ்ஸில் வரும்போதுதான் தோன்றுகின்றன.

இப்போது அதே தீர்மானத்தைச் சனிக்கிழமை மறுபடி வைக்கப் போகிறார்கள். குடும்பத்தார் வாக்கு செல்லாது என்று அம்மையார் சொல்லிவிட்டுப் போய்விட்டதால், அந்த ஒரு அம்மாளின் வேலை என் ஒருவன் கையில் இருக்கிறது. நான் ராஜினாமா செய்தால் வேறு ஒரு நல்ல கையைக் கொண்டுவந்து உட்காரவைப்பார்கள், அதனால் ராஜினாமாவும் செய்ய மாட்டேன். கல்யாணச் சாப்பாட்டுக்கு அண்ணாச்சியின் ஆட்கள்தான் வருகிறார்கள், பாதி விலைக்கு ஒத்துக்கொண்டிருக்கிறார், இந்த நேரத்தில் அவரைப் பகைக்கலாமா என்று கேட்டீர்கள். பகைக்கக் கூடாதுதான். அதற்காக ஒரு டீச்சரை எடுத்துச் சாம்பாரில் போட முடியாது. கடுமையாக எழுதிவிட்டேனோ? இருக்கட்டும். பேச்சிமுத்து அண்ணாச்சியின் தட்டிலிருந்து இனி இந்த வீட்டுக்கு ஒரு வெற்றிலை வராது. நீங்கள் நேரில் வந்து சொன்னாலும் வராது. நேரில் மட்டும் தயவுசெய்து வர வேண்டாம்.

அக்காளுக்கு என் நமஸ்காரம். அஸ்வதிக்கும் வரப்போகிற மாப்பிள்ளைக்கும் சகல சௌபாக்கியங்களும் கிடைக்க எங்கள் இருவரின் ஆசீர்வாதம். உங்கள் ரத்த அழுத்த மாத்திரையைப் போட்டுக்கொண்ட பிறகு இதைப் படித்திருப்பீர்கள் என்று நம்புகிறேன், முதல் வரியிலேயே சொல்லியிருக்க வேண்டும், மறந்துவிட்டேன்.

என்றும் உங்கள் பணிவுள்ள,
ஆனால் இந்த ஒரு விஷயத்தில் பணியாத மைத்துனன்,
வன்னியபெருமாள்

பின்குறிப்பு: ஒட்டிய உறையைக் கிழித்து இதை எழுதுகிறேன். தபால் ஆபீசுக்குப் போனால் பாதி வழியில் குடை மடங்கிவிட்டது, திரும்பி வந்தால் வாசலில் அண்ணாச்சியின் கார் கிளம்பிப் போகிறது. உள்ளே வடிவம்மாள் வெற்றிலை போட்டுக்கொண்டிருக்கிறாள். ஊஞ்சலில் அந்தத் தட்டு! “என்ன காரியம் செஞ்ச? ராகேல் டீச்சர் வேலையில்லா போச்சு!” என்று கத்தினேன், ஆமாம், இரண்டு வாரத்தில் இரண்டாவது முறை. அவள் நிதானமாக மென்றுகொண்டே, “சத்தம் போடாதிய. அந்தத் தீர்மானத்த அவரே கிழிச்சுப் போட்டுட்டாராம். வெள்ளக்காரி எழுதி அனுப்பிட்டாளாம், முதலாளியே தலைவரா இருந்தா அங்கீகாரம் கெடையாதுன்னு. இல்லைன்னு சொல்லத் தெரிஞ்ச ஆள வைக்கணுமாம். எங்க குடும்பத்துல அப்படி ஒருத்தனும் கெடையாது மதினின்னு சொல்லிக் கண்கலங்குதாரு அந்த மனுசன். இனி நீங்கதான் தலைவர். நான் வெத்தல எடுத்துட்டேன்” என்றாள். என்னைக் கேட்காமல் எப்படி எடுக்கலாம் என்றேன். “மூணு வருசமா நீங்க எடுத்த வெத்தலய எல்லாம் மென்னவ நான். எத எடுக்கணும், எத எடுக்கப்படாதுன்னு எனக்குத் தெரியாதா?” என்றாள்.

ஆகவே அத்தான், மேலே எழுதியதில் வெற்றிலை பற்றிய பகுதியை ரத்து செய்துகொள்ளவும். ஆவணியில் அஸ்வதியின் கல்யாணத்துக்குக் கட்டாயம் வருகிறோம். ஆனால் பள்ளிக்கூடத்தின் சாப்பாட்டு ஒப்பந்தம் இப்போது தலைவராகிய என் பரிசீலனையில் இருப்பதால், அண்ணாச்சியின் ஆட்கள் சமைக்கிற பந்தியில் நான் உட்காருவது முறையாகாது. தோசை பரவாயில்லை என்று அம்மையார் சொன்னார்தான், ஆனால் பதினெட்டுக் கூட்டும் பாயசமும் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. நான் வீட்டிலிருந்து தயிர்சாதம் கட்டிக்கொண்டு வந்து மண்டபத்து வாசலில் உட்கார்ந்து சாப்பிடுவேன். இதற்குச் “சரி” என்று நீங்கள் ஒரு வரி எழுதினால் போதும். வடிவம்மாள் குழு உறுப்பினர் இல்லை. என் இலையையும் சேர்த்து அவளுக்கே போட்டுவிடச் சொல்லுங்கள்.